கேமராவில் விழுந்த முழங்கைகள்

அக்கா பைக்கில் வீடு வீடாகப் போய் மருந்து கொடுப்பவள். வேகமாகப் போனதற்காக ஏற்கெனவே இரண்டு முறை போலீசில் மாட்டியிருக்கிறாள். மூன்றாவது முறை மாட்டினால் லைசென்ஸ் போய்விடும், அதோடு வேலையும் போய்விடும். இன்று காலை அவளிடம் கேட்காமல் அந்த பைக்கை எடுத்துப் பாலத்தில் பறந்தேன். வேகத்தைப் பிடிக்கும் கேமரா பளிச்சென்று மின்னியது. நான் லைசென்ஸ் வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறது.

விளக்கை அணைத்து வெகுநேரம் ஆகியும் தூக்கம் வரவில்லை.

“அக்கா, தூங்கிட்டியா?”

பக்கத்துக் கட்டிலிலிருந்து பதில் வந்தது. “நீ எங்க தூங்க விட்ட? புரண்டு புரண்டு கட்டிலையே உடைச்சிடுவ போலிருக்கு.”

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். “உன் வேலை போயிடுமாக்கா?”

அவள் செல்போனை நீட்டினாள். போலீஸ் அனுப்பிய படம். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை. முழங்கைகள் மட்டும் இறக்கை மாதிரி விரிந்திருந்தன.

“மத்தியானமே வந்துடுச்சு. இப்படிக் கோழி பறக்குற மாதிரி ஓட்டுற ஆளு நீ ஒருத்தன்தான்டா.”

விளக்கைப் போட்டுத் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். வண்டியை ஓட்டியது யார் என்று போலீசுக்குத் தெரிவிக்கும் படிவம்; அனுப்பினால் குற்றம் ஓட்டியவர் பேரில்தான் பதிவாகும். என் பெயரை எழுதியிருந்தாள். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“ஏன்க்கா என்னைக் கேக்கல?”

“நீயே வந்து சொல்லுவேன்னு தெரியும். இவ்வளவு லேட் பண்ணுவேன்னுதான் தெரியாது. போடு கையெழுத்தை.”

போட்டேன்.

“இனிமே சாவியும் இங்கதான்” என்று தலையணையைத் தட்டிவிட்டு, விளக்கை அணைத்துப் படுத்தாள். அடுத்த நிமிடம் குறட்டை கேட்டது. இன்றைக்கு அது எனக்குத் தாலாட்டு மாதிரி இருந்தது.