உபதேசியார் கண்ணிலிருந்து வந்த உத்திரம்

ஊரூர் ஒல்காட் குப்பத்து உபதேசியார் ஞானாபரணத்தின் வலது கண்ணிலிருந்து கூரை தாங்கும் மர உத்திரம் ஒன்று வெளியே வந்தது ஒரு வியாழக்கிழமை காலை, அவர் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. வலி இல்லை, ரத்தம் இல்லை. கண்ணருகே ஈர்க்குச்சி கனத்தில் தொடங்கி, போகப்போகப் பருத்து, நுனியில் ஒரு ஆள் கட்டிப்பிடிக்கும் அளவுக்கு இருந்தது. சந்து குறுகலானது என்பதால் அது எதிர்வீட்டு ஜன்னலில் போய் இடித்து நின்றது. எதிர்வீட்டுக்காரர்கள் தண்ணீர் வண்டிதான் மறுபடியும் மோதிவிட்டது என்று திட்டிக்கொண்டே வந்தார்கள். உபதேசியார் என்று தெரிந்ததும், கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து இடம் விட்டார்கள். அன்று கரையில் நெத்திலி ஏராளம். ஆகவே ரொம்ப நேரம் நின்று பார்க்க யாருக்கும் பொழுதில்லை.

ஞானாபரணம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, குப்பத்தின் கடைசிச் சந்தில் தகரக் கூரை போட்ட ஜெபவீடு ஒன்றை நடத்திவந்தவர். மனைவி இறந்தபிறகு அதன் பின்னறையிலேயே இருந்தார். அவருக்கு ஒரு வரம் இருந்தது. தெருவின் அந்தக் கோடியில் வருகிறவர் கண்ணில் கிடக்கும் துரும்பு இந்தக் கோடியில் நிற்கும் அவருக்குத் தெரியும். கடற்கரை ஊரில் இது சாதாரண வரம் இல்லை. மணல், மீன் செதில், வலை நூல் என்று யாருக்காவது கண்ணில் ஏதாவது விழுந்துகொண்டே இருக்கும். உபதேசியார் கைக்குட்டை முனையை ஈரப்படுத்தி, ஒரு தொடலில் எடுத்துவிடுவார். பெசன்ட் நகரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். முதல் சில வருடங்கள் எடுத்ததை ஊதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். பிறகு அதை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கத் தொடங்கினார். இது பொறாமை, இது நேற்றுச் சொன்ன பொய், இது மச்சினன்மேல் இருக்கிற கோபம் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்வார். பெரும்பாலும் சரியாகவே சொன்னார், அதுதான் சங்கடம். நாளடைவில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வந்தார்கள். கறுப்புக் கண்ணாடிகள் வரிசையாக உட்கார்ந்து ஆமென் சொல்வதை வெளியிலிருந்து பார்த்தவர்கள் ஏதோ கண் ஆஸ்பத்திரி முகாம் என்று நினைத்துப் போனார்கள்.

கண்ணாடி போடாமல் வந்தவள் முத்தம்மா ஒருத்திதான். மீன்காரி. கூடையை ஜெபவீட்டு வாசலில் வைத்துவிட்டு உள்ளே வருவாள். அவள் புருஷன் தணிகாசலம் கடலுக்குப் போகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கஞ்சிரா தட்டிப் பாடுவான். அவன் பாட்டுக்காகவே பாதிப் பேர் வந்தார்கள். ஒரு ஞாயிறு, நெடிய ஜெபத்தின் நடுவே உபதேசியார் நிறுத்தி, முத்தம்மாவை எழுந்து நிற்கச் சொன்னார். இவள் ஜெபிக்கும்போது ஒரு கண்ணைத்தான் மூடுகிறாள், இன்னொரு கண் வாசலில் கூடைமேல் இருக்கிறது, ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குப் பின்னால் எப்படிப் போவாய், கூடையா கர்த்தரா என்று முடிவு செய் என்றார். பூனை வாய்வைத்தால் அன்றைக்குச் சோறு இல்லை என்பதை முத்தம்மா சொல்லவில்லை. போய்க் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். தணிகாசலம் கஞ்சிராவை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலேயே போனான். அதன்பிறகு நாலு வருடம் ஜெபவீட்டில் பாட்டு சுரமில்லாமல் போயிற்று.

உத்திரம் வந்த அன்று உபதேசியாருக்கு முதலில் தெரிந்தது, தனியாக நடக்க முடியாது என்பதுதான். திரும்பினால் யார் வீட்டு ஓடாவது உடைந்தது. தலை நிமிர்த்தினால் கேபிள் ஒயர் மாட்டிக்கொண்டது. கழுத்து விண்விண்ணென்று தெறித்தது. நுனியை ஒருவர் பிடித்துக்கொண்டு முன்னால் போனால்தான் நகரலாம். சபையார் வந்து பார்த்துத் துக்கம் விசாரித்தார்கள். ஆனால் உத்திரம் யாரை நோக்கித் திரும்புகிறதோ அவர் ஒரு வேலை ஞாபகம் வந்து கிளம்பினார். உன் கண்ணில் இருக்கும் உத்திரத்தை உணராமல் சகோதரன் கண்ணில் இருக்கும் துரும்பைப் பார்ப்பதென்ன என்று வேதத்தில் சொல்லியிருப்பது எல்லாருக்கும் தெரியும். அவருக்கு முன்னால் அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அவரே அதன்மேல் எத்தனையோ தடவை பிரசங்கம் செய்திருக்கிறார், மற்றவர்களுக்காக.

வெயில் ஏறும் நேரத்தில் முத்தம்மா கூடையோடு அந்த வழியாக வந்தாள். உத்திரம் வழியை மறித்துக்கொண்டிருந்தது.

"இன்னா ஐயா இது?"

"உத்திரம்."

"அது தெரியுது. இப்ப எங்க போவணும் உனக்கு?"

"அபிராமபுரத்துல ஒரு கண் டாக்டர் இருக்காங்களாம். கூட்டிட்டுப் போக ஆள் இல்ல."

முத்தம்மா தலையிலிருந்து கூடையை இறக்கினாள். பிறகு கூடையின் கயிற்றை உத்திரத்தின் நுனியில் மாட்டினாள். "நான் சாஸ்திரி நகரு, அடையாறுன்னு யாவாரத்துக்குப் போய்க்கினு கீறேன். நுனிய நான் புடிச்சிக்கிறேன், பின்னாடியே வா. யாவாரம் முடிஞ்சப்புறம்தான் டாக்டரு. சரியா?"

சரி என்றார். அவள் நுனியைத் தொட்டதும் கழுத்தில் இருந்த பாரம் போய்விட்டது. கூடையும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஒரு தென்னங்கீற்று அளவுக்குக்கூட கனமில்லை. முப்பது வருடமாகக் குப்பத்தில் எல்லாருக்கும் முன்னால் நடந்தவர் அன்று முதல் தடவையாக ஒருவருக்குப் பின்னால் நடந்தார். அவருக்கு அவமானமாகத்தான் இருந்தது. இடது கண்ணால் தரையையே பார்த்துக்கொண்டு போனார். சாயங்காலம் பஸ்ஸில் ஏறியபோது உத்திரத்தை ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டார்கள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, மந்தைவெளியில் மரக்கிளை தாழ்வாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

டாக்டர் நீரஜா பொறுமையாகச் சோதித்தாள். எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள், விளக்கடித்துப் பார்த்தாள். "கண்ணுல ஒரு குறையும் இல்ல சார். நரம்பு, ப்ரெஷர் எல்லாம் நல்லா இருக்கு. உத்திரம் மட்டும் கொஞ்சம் நீளம்" என்றாள். வெட்டினால் வளரும், சில கேஸ்களில் தானாகவே விழுந்துவிடும் என்று சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தாள். வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா சுந்தரராமன், "இந்தக் காலத்துல ஜனங்க கண்ட கண்ட வியாதியெல்லாம் வரவழைச்சுண்டு வந்துடறா" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார். அவருக்குத் தன் இடது கண் லேசாக உறுத்தியது. ஏசி காற்று என்று நினைத்துக்கொண்டார்.

சொட்டு மருந்து வேலை செய்யவில்லை. உபதேசியார் மறுநாளும் முத்தம்மாவுக்குப் பின்னால் போனார், அதற்கு மறுநாளும். மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. அவள் எந்த வீட்டு வாசலில் நிற்பாளோ அங்கே நின்றார். அவள் உட்கார்ந்து மீன் அரியும்போது உத்திரத்தை மதில்மேல் சாய்த்துக்கொண்டார். பிள்ளைகள் அதில் ஊஞ்சல் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டார்கள், கட்டிக்கொள்ளச் சொன்னார். மற்றவர் கண்ணில் துரும்பு தெரிவது நின்றுபோயிருந்தது. இடது கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் போகிற முத்தம்மாவின் முதுகும், வெடித்த குதிகாலும், அவள் யாரிடமோ சிரிக்கும்போது குலுங்கும் தோளும்தான். தரையைப் பார்த்தே நடந்தவர் எந்த நாளில் நிமிர்ந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. ஒருநாள் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. உபதேசியார் பிரசங்கக் குரலில் "மீனோ, மீன்" என்று ஒரு சத்தம் கொடுத்தார். மூன்றாவது மாடியிலிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கியது. அன்றிலிருந்து கூவுவது அவர் வேலையாயிற்று. சாஸ்திரி நகரில் ஒரு அம்மாள் அவரை அடையாளம் கண்டு, "நீங்க ஜெபவீட்டு உபதேசியார்தானே?" என்று கேட்டாள். "இப்ப இவங்க பின்னால வர்றவன்மா" என்றார். சொன்னபிறகு அவருக்குக் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. அன்று முழுக்க அந்தச் சந்தோஷம் போகவில்லை.

மாசியில் ஒருநாள், கரையில் கூடையை இறக்கும்போது அவர் கேட்டார்: "முத்தம்மா, நீ ஜெபத்துக்கு வரவே மாட்டியா?"

"கூடைய யாரு பாக்கறது?"

"நான் பாக்கறேன்."

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு, இத்தனை மாதம் எப்படியோ நுழைந்துவந்த உபதேசியார், ஜெபவீட்டுக் கதவின் வழியே உத்திரத்தோடு நுழைய முடியாது என்று சொல்லி, ஆராதனையைக் கரைக்கே கொண்டுவந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடிக்காரர்கள் படகுகளின் நிழலில் உட்கார்ந்தார்கள். முத்தம்மா வந்தாள். தணிகாசலம் கஞ்சிராவோடு வந்தான். நாலு வருடமாகத் தட்டாத கையா இது என்னும்படி தட்டினான். பிறகு ஜெபம். எல்லாரும் கண்ணை மூடினார்கள். முத்தம்மாவும் மூடினாள், இரண்டையும். உபதேசியார் மட்டும் இடது கண்ணை நன்றாகத் திறந்து சங்கரா மீன் கூடையைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தார். அவர் பரலோக ராஜ்யம் என்று சொல்லும்போது ஒரு சாம்பல் பூனை படகுக்கு அடியிலிருந்து வந்தது. கிருபை என்று சொல்லும்போது கூடையின் விளிம்பில் காலை வைத்தது.

"சூ, போ அந்தாண்ட" என்றார் உபதேசியார், அதே ஜெபக் குரலில். சிலர் ஆமென் என்றார்கள்.

முத்தம்மா சிரித்தாள். மூடின கண் மூடினபடியே சிரித்தாள். தணிகாசலமும் சிரித்தான். அது படகுக்குப் படகு பரவியது. உபதேசியாருக்கும் தாங்கவில்லை, மனைவி போனபிறகு அவர் அப்படிச் சிரித்ததில்லை. குலுங்கின குலுங்கலில் உத்திரம் கண்ணைவிட்டுக் கழன்று, பொத்தென்று மணலில் விழுந்தது. அவர் வலது கண்ணைக் கசக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். ஜனங்கள் ஒவ்வொருவராகக் கண்ணாடியைக் கழற்றினார்கள். எல்லார் கண்ணும் சிரித்துச் சிரித்து நீர் கட்டிக் கிடந்தது. அதில் துரும்பு இருந்ததா என்று அவர் பார்க்கவில்லை.

"உன்னை அன்னைக்கு எல்லார் முன்னாலயும் எழுப்பி நிறுத்தினேன்" என்று முத்தம்மாவிடம் சொன்னார். "இப்ப எல்லார் முன்னாலயும் சொல்றேன். தப்பு என்மேல."

"சரி வுடு ஐயா" என்றாள் அவள். ஆனால் விடவில்லை என்பது செவ்வாய்க்கிழமை தெரிந்தது. கூடை பின்னிக்கொண்டிருந்தபோது அவள் இடது கண்ணிலிருந்து ஒரு உத்திரம் வந்தது. உபதேசியாருடையதைவிட அரை முழம் நீளம். "எனக்குமா?" என்று கேட்டுவிட்டு, நாலு வருடமாக அவர்மேல் உள்ளுக்குள் அடுக்கிவைத்திருந்த வசவுகளையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அந்த வாரம் உபதேசியார் நுனியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் பின்னால் நடந்து அந்த வசவுகளை ஒவ்வொன்றாக அவர் முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். சிலவற்றுக்கு அவர் "நியாயம்தான்" என்றார். அடையாறு டிப்போவைத் தாண்டும்போது சொல்ல எதுவும் மிச்சமில்லை, உத்திரம் விழுந்தது. இரண்டு பேருமாக அதைக் கரைக்குத் தூக்கிவந்து போட்டார்கள்.

அந்தக் கோடையில் இன்னும் சிலருக்கு வந்தது. அபிராமபுரத்தில் டாக்டரின் அப்பா சுந்தரராமனுக்கு வந்தபோது மாடிப்படி திரும்ப முடியவில்லை. பேச்சுவார்த்தை விட்டுப்போன தம்பி பாலவாக்கத்திலிருந்து வந்து மறுமுனையைப் பிடித்தால்தான் வெளியே வரலாம் என்றாயிற்று. தம்பி வந்தார். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். இரண்டாவது டம்ளரில் அது விழுந்தது. "ஆத்துல இதை வெச்சுண்டு என்ன பண்றது, நீங்களே வெச்சுக்கோங்கோ" என்று உபதேசியாருக்குச் சொல்லிவிட்டு, ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக் குப்பத்துக்கு அனுப்பிவைத்தார்.

கரையில் கிடந்த மரங்களைத் தணிகாசலம் ஒருநாள் காலால் உருட்டிப் பார்த்தான். லேசான மரம், உப்புத் தண்ணீருக்கு வாகானது. இப்போது எல்லாரிடமும் ஃபைபர் படகுதான். என்றாலும் அவன் கைக்குப் பழைய வேலை மறந்துபோகவில்லை. வாய்ச்சியால் செதுக்கி, மூக்கை வளைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டினான். உபதேசியாருடையதும் முத்தம்மாவுடையதும் நடுவில், சுந்தரராமனுடையது ஓரத்தில். கட்டுமரம் ஆயிற்று. முதல் நாள் அதில் போக அவனுக்கு இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. ஜெபவீட்டைப் பூட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஞானாபரணம் போய் ஏறினார். அதுவரை அவர் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியவர் இல்லை. தணிகாசலம் தண்டு வலித்தான். அவர் பின்னால் உட்கார்ந்து, அவன் சொன்ன இடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முதல் அலையில் கத்தினார். மூன்றாவது அலையில் பாட ஆரம்பித்துவிட்டார்.

நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெசன்ட் நகர்க்காரர் முத்தம்மாவின் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"கட்டுமரம் பாத்து எத்தனை வருஷமாச்சு. அது என்ன மரம்மா?"

"கண்ணுல வந்த மரம் சார்."

"நல்லா மிதக்குதா?"

"அதான் போவுதே, பாருங்க."

அவர் பார்த்தார். அலைக்கு அந்தப்புறம் அது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தலையை ஆட்டிவிட்டு, வஞ்சிரம் கிடைக்குமா என்று கேட்டார். ஒன்பது மணிக்கு மேல வாங்க, தலை போட்டு ரெண்டு துண்டு தனியா எடுத்து வெக்கறேன் என்றாள் முத்தம்மா.