இடுப்புப் பட்டை

வெளியே இன்னும் சரியாக வெளுக்கவில்லை. அதற்குள் எத்தனை முறை விழுந்தோம் என்று அக்காவுக்கே கணக்கில்லை. கூட வேலை செய்கிற எல்லோருக்கும் அவள் அக்கா. ஓடி வா, குத்து, உதை வாங்கு, மல்லாந்து விழு. எழுந்திரு. மறுபடி ஓடி வா. மெத்தை என்று தரையில் விரித்திருந்தது உள்ளங்கைத் தடிமன்கூட இல்லை.

தகரக் கூரை போட்ட அந்தக் கூடத்தில் மின்விசிறி சுற்றாது. காற்றுப் பட்டால் உடையில் ஒட்டிய பந்துகள் ஆடும். கேமரா தப்பாகப் படிக்கும். ஜன்னல்களுக்குக் கறுப்பு வண்ணம் அடித்திருந்தார்கள். சண்டை போடுகிற எட்டுப் பேருக்கும் உடம்பைக் கவ்விய கறுப்பு உடை. அதன் மேல் கோலிக்குண்டு அளவில் சாம்பல் நிறப் பந்துகள். கூரையோரம் வரிசையாக மாட்டிய கேமராக்களுக்கு மனிதர்கள் தெரியமாட்டார்கள். பந்துகள் மட்டுமே தெரியும். பந்துகளின் அசைவை எடுத்து, கம்ப்யூட்டரில் வரைந்து வைத்திருக்கும் பொம்மைக்கு மாட்டுவார்கள். சண்டை விளையாட்டில் பிள்ளைகள் பொத்தானை அழுத்தியதும் பறந்து உதைக்கிறாளே ஒருத்தி, அந்த உதை இந்தக் கூடத்தில் யாரோ ஒருத்தி உதைத்தது.

வினை அந்தப் பொம்மையின் உடம்பில் இருந்தது. பூசணிக்காய் மார்பு, ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் இடுப்பு. நிஜப் பெண் கையை நெஞ்சுக்குக் குறுக்கே வீசினால், திரையில் அந்தக் கை பொம்மையின் மார்பைத் துளைத்துக்கொண்டு போகும். வரைகிறவர்களை உட்காரவைத்துத் திருத்தினால் செலவு. பெண்களின் நெஞ்சில் ஸ்பாஞ்சைக் கட்டிவிட்டால் கை தானாகவே சுற்றிப் போகும். கட்டினார்கள். இந்த வருஷம் ஃபேஷன் மாறிப் பொம்மைக்குத் தொடை பெருத்தது. பெண்களின் தொடைக்கும் ஸ்பாஞ்ச் வந்தது. அத்தனையையும் அவிழ்த்துக் கட்டப் பயந்து அவர்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டார்கள்.

தொடை பெருக்கப் பெருக்க இடுப்பு சிறுத்தது. சண்டை போட்டால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் விலா விரியும். அதன் மேல் ஒட்டிய பந்துகள் விலகும். திரையில் பொம்மையின் நூல் இடுப்பு புடைத்துக் கிழியும். அதற்கு முதலாளி கண்டுபிடித்த மருந்துதான் பட்டை. கெட்டித் தோல், முதுகில் கொக்கிகள். மூச்சு தெரிகிற காட்சிக்குக் கூலி கிடையாது என்று போன மாதம் ஒரு சட்டமும் போட்டார்.

“இன்னும் ரெண்டு கொக்கி இறுக்கு.” முதலாளி கண்ணாடி அறைக்குள் ஏசியில் இருந்தார். குரல் மட்டும் ஸ்பீக்கரில் வந்தது.

பட்டை பம்பரத்தின் இடுப்பில் இருந்தது. காற்றில் சுழன்று உதைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதனால் அந்தப் பெயர். அக்கா முழங்காலை அவள் முதுகில் ஊன்றி இழுத்தாள்.

“அக்கா, இதுக்கு மேல இழுத்தா நான் ரெண்டு துண்டாயிடுவேன். அப்புறம் ரெண்டு ஆளுக்குக் கூலி கேப்பேன்.”

“முதல்ல ஒரு ஆளுக்குத் தரச் சொல்லுடி.”

பம்பரம் ஓடினாள், எம்பினாள், சுழன்றாள். பாதிச் சுற்றில் அவள் கழுத்து தொங்கியதை அக்கா பார்த்தாள். விழத் தெரிந்தவள் விழுகிற விழுகை அல்ல அது. மூட்டை விழுவதுபோல் பக்கவாட்டில் விழுந்தாள். காய்ந்த குச்சியை ஒடித்த மாதிரி ஒரு சத்தம்.

ஸ்பீக்கர் கரகரத்தது. “பந்து ஏதாவது உடைஞ்சுதான்னு பாரு.”

அக்கா கத்தரியால் பட்டையை அறுத்தாள். பம்பரத்தின் வாய் மீனைப்போலத் திறந்து மூடியது. மலை என்கிறவன் ஓடிவந்து அவளைத் தூக்கினான். மலை ஆள் நோஞ்சான். திரையில் ஒரு ராட்சதனுக்கு அவன்தான் அசைவு கொடுக்கிறான். அதற்காக விடிந்ததிலிருந்து தோளில் அகலப் பலகை சுமக்கிறான். இடது கை விரல்கள் மரத்துப்போய் மாதக்கணக்காகிறது. அந்தக் கையாலேயே அவளைச் சுமந்து வண்டியில் ஏற்றினான்.

முதலாளி அப்போதுதான் வெளியே வந்தார்.

“ஏம்மா, உன் அளவும் அவ அளவும் ஒண்ணுதானே? நாளைக்குக் காலைல விளையாட்டுக் கம்பெனிக்காரங்க வீடியோல நேரா பாக்கறாங்க. புதுப் பட்டை வருது. நீ கட்டிக்கிட்டுச் சுத்திடு.”

“அவ விலா முறிஞ்சு போறா சார்.”

“நானா முறிச்சேன்? வயித்தைக் குறை, வயித்தைக் குறைன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். குறைச்சிருந்தா பட்டையே தேவையில்லையே.”

“ஆஸ்பத்திரிச் செலவு?”

“வேலைல அடிபட்டாத் தரலாம். இது அவ உடம்புக் கோளாறு.”

“மூச்சு விடறது கோளாறா சார்?”

“பொம்மைக்கு எதுக்கும்மா மூச்சு? இந்த இடுப்பை நானா வரைஞ்சேன்? உலகமே இதைத்தான் கேக்குது. உன்னால முடியலன்னா சொல்லிடு. வாசல்ல ஆளுக்கா பஞ்சம்?”

அக்கா அறுத்த பட்டையைப் பொறுக்கப் போனாள். வாடகை கொடுக்கிற கை அவளுடையது ஒன்றுதான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பம்பரத்தின் நெஞ்சைச் சுற்றிக் கட்டு. இடுப்பைச் சுற்றிப் பட்டை பதிந்த தடம், சூடு வைத்ததுபோல் சிவந்திருந்தது.

“நீ கட்டிக்க அக்கா,” என்றாள் பம்பரம், முதலாளி சொன்னதைக் கேட்டுவிட்டு. “எனக்காக நீ வேலையை விட்டுட்டு வந்தா, ரெண்டு பேரும் இந்த ஒரே கட்டில்லதான் படுக்கணும்.”

“உன் பக்கத்துல மனுஷி படுப்பாளா? தூக்கத்துலயும் உதைப்ப.”

“சிரிக்க வைக்காத அக்கா. கொல்லுது.”

வலியில் கண்ணோரம் நீர் வழிய அவள் சிரித்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில், ஒன்பதாவது படிக்கிற மகள் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று மூச்சை இழுத்துப் பிடித்திருந்தாள். இடுப்பில் துண்டை முறுக்கி இறுகக் கட்டியிருந்தாள். மத்தியானச் சாப்பாடு டப்பாவில் அப்படியே இருந்தது. கட்டிலில் கிடந்த போனில் அந்தப் பொம்மைப் பெண் ஒரு காலில் நின்று ஆடிக்கொண்டிருந்தாள்.

“என்னடி இது?”

“சும்மாம்மா. இவ எப்படி இருக்கா பாரு. தொப்பைன்னு ஒண்ணு இருக்கா? நானும் இருக்கேன், நீயும் இருக்க.”

எந்த விளையாட்டுக்கு வேலை செய்கிறோம் என்று வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்பது வேலையின் நிபந்தனை. இத்தனை நாள் அக்கா அதை மீறியதில்லை. போனை எடுத்து மகள் கையில் வைத்தாள்.

“அவளை அடி வாங்க வை.”

மகள் பொத்தானை அழுத்தினாள். பொம்மை உதை வாங்கி, இடது தோளைச் சுருட்டி, மல்லாந்து விழுந்து, ஒரு கையை ஊன்றி எழுந்தது. அக்கா புடவையைச் செருகிக்கொண்டு வெறுந்தரையில் அதேபோல் விழுந்தாள். இடது தோளைச் சுருட்டி. ஒரு கையை ஊன்றி எழுந்தாள்.

மகள் போனைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

“அது நீயா?”

“நான்தான். அவ சுத்தறது பம்பரம் சித்தி.”

“அப்ப உன் வயிறு எங்கம்மா போச்சு?”

“வெட்டிட்டாங்க. எங்க மூச்சையும் சேர்த்து.”

மகள் துண்டை அவிழ்க்கவில்லை. அக்காதான் அவிழ்த்தாள். கீழே சின்னதாக ஒரு சிவந்த தடம். ஆஸ்பத்திரியில் பார்த்த அதே இடம். அக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எந்த உதையும் அவளை இப்படி எரித்ததில்லை.

மறுநாள் விடியற்காலை, உடை மாற்றும் அறையில் புதுப் பட்டை ஆணியில் தொங்கியது. ஏழு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் கட்டப்போறதில்ல,” என்றாள் அக்கா.

“அப்ப வேற ஆளு வரும்,” என்றான் ஒருவன். “நேத்தே போன் போட்டுட்டாரு.”

“வரட்டும். அதுக்கு முன்னாடி இந்த இடுப்பைக் கேட்டவங்க ஒரு தடவை பாக்கட்டும். உள்ள யாரு இருக்காங்கன்னு.”

மலை தோள்பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். “எனக்கும் போதும் அக்கா. என் பிள்ளை தலையைத் தடவினா கைக்குத் தெரியல.”

ஒவ்வொருவராக அவிழ்த்தார்கள். ஸ்பாஞ்சுகள் மூலையில் குவிந்தன.

கூடத்துச் சுவரில் பெரிய திரை. ஓரத்தில் சின்னக் கட்டங்களில் கம்பெனிக்காரர்களின் முகங்கள். கண்ணாடி அறைக்குள் முதலாளி கும்பிடாத குறையாகக் குழைந்துகொண்டிருந்தார். பட்டை இல்லாததை அவர் கவனிப்பதற்குள் ஏழு பேரும் ஓடத் தொடங்கினார்கள். கூடத்தைச் சுற்றிச் சுற்றி, நெஞ்சு வெடிக்கும்வரை ஓடினார்கள். வந்து கேமராக்களுக்கு நடுவே நின்றார்கள். நின்று மூச்சு விட்டார்கள்.

திரையில் பொம்மைகள் மூச்சு விட்டன. நூல் இடுப்புகள் புடைத்தன, விரிந்தன, கிழிந்து கிழிந்து மூடின. ராட்சதனின் மார்பு துருத்திபோல ஏறி இறங்கியது. கட்டங்களில் இருந்த முகங்கள் திரைக்கு நெருங்கி வந்தன.

“நிறுத்துடா!” முதலாளி கத்தியது கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது.

அவர் பக்கத்தில் கம்ப்யூட்டர் முன் இருந்த தம்பி, கிழிந்த இடுப்புகளை ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒட்டுகிறவன், விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு கதவைத் திறந்து மைக்கை அக்காவிடம் நீட்டினான்.

அக்காவுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. கோபம் பேசியது.

“நேத்து எங்க பொண்ணு ஒருத்தி இந்த இடுப்புக்காக விலா முறிஞ்சு கிடக்கறா. அவ செலவை நீங்கதான் தரணும். மூச்சு விட்ட காட்சிக்கும் கூலி தரணும். பட்டையை இனிமே ஒருத்தரும் கட்ட மாட்டோம். எந்த இடுப்பு வேணா வரைஞ்சுக்குங்க. எங்களை உள்ள போட்டு நெரிக்காதீங்க.”

யாரோ அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார்கள். தம்பி பதில் சொன்னான். முதலாளி குறுக்கே விழுந்து இன்னொரு பதில் சொன்னார். ‘பேசிவிட்டுச் சொல்கிறோம்’ என்பதுபோல ஒரு முகம் தலையாட்டியது. கட்டங்கள் ஒவ்வொன்றாக இருண்டன.

“எல்லாரும் வெளிய போங்க! தம்பி, நீயும்தான்!”

ஒருவரும் போகவில்லை. மெத்தையில் உட்கார்ந்தார்கள். தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மலையின் பக்கத்தில் உட்கார்ந்தான். பல மாதங்களுக்குப் பிறகு பெண்கள் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தார்கள்.

தகரம் சுடத் தொடங்கிய நேரத்தில் வாசலில் இரண்டு புதுப் பெண்கள், தோளில் பையோடு. முதலாளி பட்டையை ஒருத்தியின் கையில் திணித்து, “சீக்கிரம் மாத்திட்டு வா,” என்றார். அவள் அதைத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். மெத்தையருகே வந்து குனிந்தாள்.

“இதைக் கட்டிக்கிட்டு எப்படிக்கா மூச்சு விடறது?”

“உக்காரு, சொல்றேன்,” என்று அக்கா நகர்ந்து இடம் விட்டாள்.