காய்ந்த காயின் வாசம்

நான் குடியை விட்டு மூன்று வருடமாகிறது. சர்ச்சில் குடிகாரர்களுக்கு நடத்தும் தியானத்துக்குப் போய், ஐந்து நாள் அழுது, சத்தியம் செய்துவிட்டு வந்தேன். எஸ்டேட்டில் ஒருத்தனும் நம்பவில்லை. "நம்ம சுவக்கீனா குடிய விட்டான்? ஒரு மாசம் பாப்போம்" என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் இன்றும் குமுளியில் போய்க் குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

குடித்த காலத்தில், எங்கள் ஆட்கள் எல்லோரையும் போல, எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் நாலு ஏலக்காயை வாயில் போட்டு மெல்லுவேன். சாராய நாற்றம் தெரியாதாம். என்ன ஒரு புத்தி! ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்கள் மேல் அடிப்பது பச்சை வாசம். காய்ந்த காயை மென்ற வாசம் வேறு. அது வாசலுக்கு வந்தால் அடுத்து என்ன வரும் என்று என் மனைவி ஷிஜிக்கும் மூத்தவள் டின்சிக்கும் எங்கள் நாய் ஜாக்கிக்கும் நன்றாகத் தெரியும். அவர்களுக்கு அடி, நாய்க்கு உதை.

சின்னவள் சோனா அதற்கெல்லாம் பிறகு பிறந்தவள். என் கை அவள்மேல் ஒருநாளும் விழுந்ததில்லை. சாயங்காலம் என் செருப்புச் சத்தம் கேட்டதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். நான் திருந்தியதற்கு மாதா கொடுத்த கூலி இவள்தான் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன் என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஏலக்காயை உலர்த்தும் இடம். ஓயாமல் தீ எரியும், குடிகாரனை அங்கே விடமாட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அந்த வாரமே சோனா ஓடிவருவதை நிறுத்திவிட்டாள். கூப்பிட்டால் கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். பிள்ளை என்னை விட்டுப் போகிறாளே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"நீதான பழசெல்லாம் அவகிட்ட சொல்லிக்குடுத்த?" என்று ஷிஜியிடம் கேட்டேன்.

"நான் ஒரு வார்த்த சொன்னதில்லங்க" என்றாள்.

போன சனிக்கிழமை சீக்கிரமே திரும்பினேன். காற்று என் முதுகுப் பக்கமிருந்து, சட்டையில் ஏறியிருந்த ஸ்டோர் வாசத்தோடு, வீட்டைப் பார்த்து வீசியது. நான் வாசலை எட்டுமுன், திறந்திருந்த ஜன்னல் வழியே எல்லாம் தெரிந்தது. ஜாக்கி மூக்கைத் தூக்கியது, எழுந்து கட்டிலுக்கடியில் நுழைந்தது. அதைப் பார்த்ததும் டின்சி எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடிவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள். பத்து வயதுப் பிள்ளை. நான் இப்போது குடிப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கால் தானாகப் போய்விட்டது போலிருக்கிறது.

சோனா நாயைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். ஜாக்கியைப் போலவே மூக்கைத் தூக்கி மோந்தாள். பிறகு தன் பொம்மையைக் கட்டிலுக்கடியில் தள்ளி, தானும் நுழைந்து, "அப்பா வந்தாச்சு, பேசாத" என்று அதன் வாயைப் பொத்தினாள்.

அழுகை வரவேண்டிய இடம் அது. எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று வருடம் ஒரு சொட்டு தொடாமல் இருந்து கிடைத்தது இதுதானா? உள்ளே பாய்ந்து கத்தினேன்.

"நான் ஒனக்கு என்ன செஞ்சேன்? வெளிய வா!"

சோனா வீறிட்டு அழுதாள். அப்படி ஒரு சத்தத்தை என்னிடமிருந்து அவள் கேட்டதே இல்லை. டின்சி ஓடிவந்து எனக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றாள், இடது காதைக் கையால் மூடிக்கொண்டு. அந்தக் காலத்தில் அவளை அந்தக் காதோடு சேர்த்துத்தான் அறைவேன்.

"அப்பா குடிக்கலடி" என்றேன்.

"தெரியும்ப்பா" என்றாள். காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

அடுப்படியிலிருந்து ஷிஜி வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"கைய எறக்குங்க" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். என் வலது கை ஓங்கியபடி நின்றது.