ஆதிநாராயணன் போட்ட அகராதி

மனுஷனுக்குக் கர்வம் இருக்கலாம், தப்பில்லை. ஆனால் அந்தக் கர்வத்தைத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்கிற ஆளை நான் ஒருத்தரைத்தான் கேள்விப்பட்டேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காருக்குத் தகடு அடிக்கிற கம்பெனியில் எச்.ஆர். மேனேஜராக இருந்த ஆதிநாராயணன். அவருக்கு டைப் அடித்துக் கொடுத்தவள் இளமதி. இளமதியின் புருஷன் பார்த்திபன், அதே கம்பெனியில் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் வலது கையைப் பறிகொடுத்தவன்.

அந்த பிரஸ்ஸுக்கு முன்னால் சேஃப்டி கார்டு என்று ஒரு கம்பிக் கூண்டு உண்டு. கூண்டை மூடினால்தான் மெஷின் இறங்கும். மூடித் திறக்க நேரமாகிறது, பீஸ் குறைகிறது என்று மேலிடமே அதைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டது. இரண்டாயிரத்து எட்டு மார்ச் பத்தொன்பதாம் தேதி மெஷின் இறங்கியது. மணிக்கட்டோடு போயிற்று. அவன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே கம்பெனி ரிப்போர்ட் எழுதியாகிவிட்டது. ‘தொழிலாளி தானாகவே கார்டைக் கழற்றிவிட்டார். கார்டு இல்லாதது நிர்வாகத்துக்குத் தெரியாது.’ கீழே ஆதிநாராயணன் கையெழுத்து.

கை போனபோது அழாதவன் அந்த வரியைப் படித்துவிட்டு அழுதான். “கை போனா போவுது இளா. நானே கயட்டினேன்னு எய்திட்டான் பாரு, அதான் தாங்கல” என்றான். ஊரும் அதையே பேசியது. அவசரக்காரன், ஆசைப்பட்டான், அனுபவிக்கிறான் என்றது. எழுதினவன் வாயாலேயே அந்த வரியை விழுங்க வைக்காமல் விடுவதில்லை என்று இளமதி அன்றைக்கே தீர்மானம் செய்துகொண்டாள்.

ஜூன் மாதம் ஆதிநாராயணனே கூப்பிட்டு அனுப்பினார். ஊத்துக்கோட்டையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவள்தானே, டைப்பிஸ்ட் வேலை தருகிறேன் என்றார். பெண்டாட்டிக்கு வேலை கொடுத்தால் புருஷன் நஷ்டஈட்டுக் கேஸைத் தூக்கிக்கொண்டு அலையமாட்டான் என்று அவருக்கு ஒரு கணக்கு.

“பண்ண உதவிய மறக்கக் கூடாதும்மா.”

“எப்படி சார் மறப்பேன்? நீங்க பண்ணது எதையும் மறக்க மாட்டேன்.”

வேலை இதுதான். கம்பெனி வெப்சைட்டில் தொழிலாளர்கள் எழுத ஒரு பக்கம் இருந்தது. ‘மனம் திறந்து பேசுங்கள்’ என்று மேலே பூவெல்லாம் போட்டிருக்கும். புனைபெயரில் யாரும் எழுதலாம். மும்பை ஹெட் ஆபீஸ் வாராவாரம் பார்க்கும். ஆனால் ஆதிநாராயணனின் தடைப் பட்டியலில் இருக்கிற வார்த்தை ஒன்று வந்தால் போதும், பதிவே காணாமல் போய்விடும். மனசைத் திறக்கச் சொல்லிவிட்டு வாயைப் பொத்துகிற வித்தை!

‘யூனியன்’ என்ற வார்த்தையைத் தடுத்தார். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ‘ஞாயித்துக்கெயம சித்தி ஊட்டுக்கு வந்துருங்க’ என்று எழுதினார்கள். சித்தியைத் தடுத்தார், பெரியம்மா வந்தாள். பெரியம்மாவைத் தடுத்தார், அத்தை வந்தாள். இவர் ஒரு சொந்தத்தை வெட்ட, அவர்கள் அடுத்த சொந்தத்தைக் கூட்டிவந்தார்கள்.

ஆதிநாராயணனும் விடவில்லை. சூப்பர்வைசர்களை நோண்டி நோண்டி அர்த்தம் கேட்டு, எக்செல்லில் ஓர் அகராதியே போட்டு வைத்திருந்தார். தேதி, வார்த்தை, பொருள். “எவன் எப்படி சுத்தி வளைச்சாலும் எனக்குத் தெரிஞ்சிடும்” என்று மார் தட்டிக்கொள்வார். புது வார்த்தைகளை அதில் ஏற்றுவது இளமதியின் பொறுப்பாயிற்று.

சேர்ந்த மூன்றாம் நாள் பழைய வரிகளைப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். பிப்ரவரியில் ‘கார்டு’ தடை. அதற்குக் கீழே: ‘மார்ச் 3. மச்சான் ஊரில் இல்லை. பொருள்: நாலாம் நம்பர் பிரஸ்ஸில் சேஃப்டி கார்டு இல்லை.’

பதினாறு நாள் முன்னாலேயே தெரிந்திருக்கிறது பாவிக்கு! பசங்கள் மாற்றி மாற்றிக் கத்தியிருக்கிறார்கள், ஐயா கூண்டு இல்லை, கூண்டு இல்லை என்று. இந்த ஆள் கூண்டை மாட்டாமல் வார்த்தையைத் தடுத்திருக்கிறார். இளமதி எழுந்தாள். பாத்ரூமில் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து டைப் அடித்தாள்.

சாயங்காலம் கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய்த் தோழி நசீம் பானுவிடம் சொன்னாள். கடை நசீமுடையது, பழவேற்காட்டுக்காரி, நெஞ்சில் தைரியம் ஜாஸ்தி.

“ஒரு பிரிண்ட் எடுத்தாந்து கேஸ் விசாரிக்கிற லேபர் அதிகாரி மூஞ்சில விசிறட்டுமா?” என்றாள் இளமதி.

“நீயே டைப் அடிச்சிக்கினு வந்துட்டேன்னு சொல்வான்டி. கம்ப்யூட்டர் பேப்பர் செல்லாது. அவன் கையெழுத்து வோணும்.”

“அகராதில எவன் கையெழுத்து போடுவான்?”

“போட வெச்சிடலாம். அவனப் பேஜாராக்கணும், அவ்ளோதான்.”

அன்றிலிருந்து இருவரும் வேலையைத் தொடங்கினார்கள். ஆளுக்கு நாலு புனைபெயர். நசீம் தன் ஊர் மீன்களையெல்லாம் இறக்கினாள். சூப்பர்வைசர் நண்டு ஆனார், ஓவர்டைம் மடவை ஆயிற்று, மெமோ இறால் ஆயிற்று. ‘நண்டு இன்னிக்கு மூணு இறா குட்த்தான்’ என்று ஒருத்தன் எழுத, மற்ற பசங்களும் அதே பாஷையில் பிய்த்து எடுத்துவிட்டார்கள். இளமதி சாயங்காலம் எழுதிய வார்த்தையைக் காலையில் அவளே கொண்டுபோய்க் காட்டுவாள். “சார், புதுசா ஒண்ணு கிளம்பியிருக்கு.” அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தடுப்பார். கடைசியில் மீனையே தடுத்தார். புதன்கிழமை கேன்டீன் மெனுவில் மீன் குழம்பு இருந்ததால் மெனுவே காணாமல் போனது. அந்தப் பக்கத்தில் என்னய்யா நடக்கிறது என்று மும்பையிலிருந்து போனில் வாங்கு வாங்கென்று வாங்கினார்கள்.

அன்றைக்கு மனுஷன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இளமதி மெதுவாக ஆரம்பித்தாள்.

“சார், நீங்க ஒருத்தரே எவ்வளவுதான் பாப்பீங்க? மொத்த லிஸ்டையும் சர்க்குலரா அடிச்சு எல்லா சூப்பர்வைசருக்கும் குடுத்துட்டா, அவங்களே பாத்துப்பாங்க.”

“நல்ல ஐடியாம்மா. தேதியெல்லாம் எதுக்கு, எடுத்துடு.”

தேதி போனால் மார்ச் மூணும் போச்சே! “இருக்கட்டும் சார். எவ்வளவு நாளா, எவ்வளவு கண்டுபிடிச்சிருக்கீங்கன்னு ஹெட் ஆபீஸுக்கும் தெரியட்டுமே.”

முகம் மலர்ந்துவிட்டது ஐயாவுக்கு. பத்துப் பக்க சர்க்குலர், இருபத்திரண்டு பிரதி. ஒவ்வொரு பக்கத்திலும் சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டு சீலும் குத்தினார். ஒரு பிரதி இளமதியின் டிபன் பைக்குள் போயிற்று.

நவம்பரில் திருவள்ளூர் லேபர் ஆபீஸில் கேஸ் விசாரணை. கூத்தைக் கேளுங்கள், கம்பெனி காரில் இளமதியைக் கூட்டிக்கொண்டு போனதே ஆதிநாராயணன்தான். பார்த்திபன் பஸ்ஸில் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தான். வாக்குமூலத்தில் அவனுடைய இடது கைக் கட்டைவிரலை மையில் அழுத்தி எடுத்துக்கொண்டார்கள்.

“மனிதாபிமானத்துல அவர் மனைவிக்கே வேலை குடுத்திருக்கோம் சார். இதோ, இவங்கதான்” என்றார் ஆதிநாராயணன். “ஆனா கார்டு இல்லங்கறது எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்போமா?”

“ஒரு வார்த்தை கூட வரல?” என்றார் அதிகாரி.

“ஒரு வார்த்தை கூட வரல சார்.”

இளமதி டிபன் பையைத் திறந்து சர்க்குலரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இரண்டாம் பக்கம் மடித்திருந்தது. அதிகாரி அந்த வரியை ஒருமுறை மனசுக்குள்ளும், ஒருமுறை சத்தமாகவும் படித்தார்.

“மார்ச் மூணு. அடிபட்டது எப்ப?”

“பத்தொம்போது சார்” என்றான் பார்த்திபன்.

ஆதிநாராயணன் தாளை எட்டிப் பார்த்தார். “சார், இது... இந்தப் பொண்ணு தானா டைப் அடிச்சது...”

“நான் வேலைக்குச் சேந்தது ஜூன்ல சார்” என்றாள் இளமதி. “பக்கத்துக்குப் பக்கம் சார்தான் கையெழுத்து போட்டு சீல் வச்சாங்க. இதே மாதிரி இருபத்தோரு சூப்பர்வைசருங்க கையில இருக்கு.”

அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஆதிநாராயணன் பக்கம் தள்ளினார். “கார்டு இல்லாதது மார்ச் மூணாந்தேதியே தெரியும், இந்த சர்க்குலர் நான் குடுத்ததுதான்னு எழுதிக் கையெழுத்து போடுங்க.”

பார்த்திபன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆதிநாராயணன் சட்டைப் பையைத் தடவினார். அதிலேயே செருகியிருந்த பேனா விரலுக்கு அகப்படவில்லை. இளமதி தன் பேனாவைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள். அத்தனை மாதமும் ஆபீஸில் பேசிய அடக்கமான பேச்சை விட்டுவிட்டு, வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள்.

“போடு சார். உனக்குத்தான் கை கீதே.”