ஊரைக் கேட்காதீர்கள் என்றேன்

ரயிலில் போகும்போது என் கணவர் சயந்தனிடம் மூன்று தரம் சத்தியம் வாங்கினேன்.

"இஞ்சாருங்கோ, அந்த மனிசனிட்டை ஊரைக் கேக்கக்கூடாது. விளங்குதோ?"

"ஓம், கேக்கமாட்டன்," என்றார்.

எனக்கு நம்பிக்கையில்லை. லண்டன் ரெய்னர்ஸ் லேன் மீன்கடை வரிசையிலும் ஊர் விசாரிப்பார். பல் டாக்டர் தமிழர் என்றால் வாயைப் பிளந்தபடியே விசாரிப்பார். பதினொரு வருடமாக இவரால் என் மானம் போகிறது.

ஆனால் அன்றைய காரியம் விளையாட்டில்லை. எனக்கு முப்பத்தெட்டு வயது. பிள்ளை இல்லாததற்குக் காரணம் தன்னிடம்தான் என்று தெரிந்த நாளிலிருந்து சயந்தன் பாதி ஆளாகிவிட்டார். கிளினிக்கில் விந்து கொடுக்கும் ஆசியர்களே குறைவு, தமிழர் வேண்டுமென்றால் எத்தனை வருடமாகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். தமிழர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான். பிள்ளை ஆரைப்போல என்று கோயிலில் ஒருத்தியும் வாய் திறக்கக்கூடாது.

அதனால்தான் இன்டர்நெட்டில் ஆள் தேட இறங்கினேன். அங்கே காசுமில்லை, காத்திருப்புமில்லை. முதலில் எழுதியவன் தன்னோடு படுத்தால்தான் சரிவரும் என்றான். கம்ப்யூட்டரையே தூக்கி எறியப் பார்த்தேன். அடுத்தவர் 'பீற்றர்'. உண்மைப் பெயர் இல்லை என்று அவரே சொன்னார். யாழ்ப்பாணத்தவர், எஞ்சினியர், மரியாதையான எழுத்து. சின்னப் போத்தலில் தருவார், மிச்சத்தை நாங்கள் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். இரத்தப் பரிசோதனை செய்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். அறிக்கையைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனுக்குப் பக்கத்து கபேயில் பீற்றர் காத்திருந்தார். அமைதியான முகம், எங்கேயோ பார்த்த முகம் போலவும் இருந்தது. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

"அப்ப வாற புதன்கிழமை போத்தலைத் தாறன், சரிதானே?" என்றார்.

நான் தலையாட்டினேன். சயந்தன் தேத்தண்ணியில் இரண்டு மிடறு குடித்தார்.

"நீங்கள் ஊரிலை எவடம்?"

மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். பிரயோசனமில்லை.

"அளவெட்டி," என்றார் பீற்றர். கேட்டால் சொல்லாமல் இருக்க அவராலும் ஏலவில்லை.

"இவவும் அளவெட்டிதானே! எவடத்திலை?"

"பிள்ளையார் கோயிலடி. சுலோச்சனா ரீச்சரின்ரை மூத்தவன்."

சயந்தனின் காலிலிருந்து என் காலை எடுத்தேன். சுலோச்சனா ரீச்சர் என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. காதலித்துக் கட்டினார் என்று வீட்டார் ஒதுக்கிவைத்ததாலும், நான் சிறுவயதிலேயே ஊரைவிட்டு வந்துவிட்டதாலும், அவருடைய பிள்ளைகளை நான் கண்டதே இல்லை. எனக்கு முன்னால் இருப்பவர் என் அண்ணன். பார்த்த முகமாக இருந்ததில் அதிசயமென்ன, அது என் அம்மாவின் மூக்கு.

"நான் தவமலரின்ரை மகள்," என்றேன்.

"பெரியம்மான்ரை மகளோ? ஐயோ கடவுளே!" பீற்றர் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்து மெல்லச் சொன்னார்: "லண்டனிலை நாலு தமிழ்க் குடும்பங்களுக்குக் குடுத்திட்டன், தங்கச்சி. ஒருத்தரும் ஊரைக் கேக்கேல்லை. இனி விட்டிடுறன்."

திரும்பும்போது பிளாட்பாரத்தில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. புதன்கிழமைக்கு முன்னமே தெரிந்ததால் தப்பினோம்.

"சத்தியத்தை மீறிப்போட்டன்," என்றார் சயந்தன், குற்றவாளி போல.

"உங்கடை வாயைக் கும்பிட வேணும்," என்றேன். மனதாரச் சொன்னேன்.

மறுநாளே கிளினிக்குக்குப் போன் பண்ணி, எந்த இனத்தவரானாலும் சரி என்று சொன்னேன். எட்டு மாதம் கழித்து அழைப்பு வந்தது. பஞ்சாபிக்காரர், எல்லாப் பரிசோதனையும் சரி. பெயர், விலாசம் எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். பிள்ளைக்குப் பதினெட்டு வயதானால் தானே கேட்டு அறியலாம், அதுதான் இப்போது சட்டம்.

குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த சயந்தனுக்கு விஷயத்தைச் சொன்னேன்.

"பஞ்சாப்பிலை எவடமாம்?" என்றார்.

"அதைப் பதினெட்டு வயசிலை எங்கடை பிள்ளை கேக்கும்."

கத்தி நின்றது. "அப்ப பிள்ளை என்னைப்போலத்தான்," என்றார்.