ஆமென் சொல்லாத ஜெபம்

ஜெயலீலாவுக்குத் தொட்டதற்கெல்லாம் பயம் என்பது ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்ட் ஊரின் தமிழ் ஜெபக்குழுவில் எல்லோருக்கும் தெரியும். ஃப்ரீவேயில் கார் ஓட்டப் பயம், லிஃப்டில் தனியாக ஏறப் பயம், வாசல் மணி அடித்தால் பயம். அவள் கணவன் சாந்தகுமார் இதையெல்லாம் விருந்துக்கு விருந்து நடித்துக்காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பாள். வேறென்ன செய்வது?

ஆனால் அந்தக் கண்ணாடிக் கூரை விஷயத்தில் அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. முன்பு அந்த வீட்டில் இருந்த வெள்ளைக்காரர் செடி வளர்ப்பதற்காகப் பின்பக்கம் ஓர் அறை கட்டியிருந்தார். மூன்று பக்கமும் கண்ணாடி, மேலேயும் கண்ணாடி, அத்தனையையும் தாங்க மெல்லிய அலுமினியச் சட்டம். எண்பத்து மூன்று ஆகஸ்டில் அலிசியா புயல் அடித்தபோது மேலேயிருந்து ஒரு கண்ணாடி பெயர்ந்து, மகள் ஷெரின் படம் வரைகிற மேசைமேல் வந்து விழுந்தது. ஏழு வயதுக் குழந்தை அப்போது குளியலறையில் அம்மா மடியில் ஒடுங்கியிருந்ததால் பிழைத்தது. மறுநாளே ஜெயலீலா பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்துவிட்டாள். கண்ணாடியை எடுத்துவிட்டுக் கெட்டிக் கூரை போட்டே ஆகவேண்டும்.

அடுத்த வசந்தத்தில் ஒரு கான்ட்ராக்டர் வந்து பார்த்தார். இந்தச் சட்டமெல்லாம் கண்ணாடியை மட்டும் தாங்கும், கெட்டிக் கூரைக்குப் புதுத் தூண்களும் அஸ்திவாரமும் வேண்டும், அதற்கு நகராட்சி அனுமதியும் வாங்கவேண்டும் என்றார். சாந்தகுமார் எண்ணெய்க் கம்பெனியில் குழாய்களுக்கு வரைபடம் போடுகிறவன். அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்ஜினியருக்கே பாடம் எடுக்கறான் பாரு. நானே பண்ணிக் காட்டறேன். காத்துல பறந்துடும்னுதானே உன் பயம்? எந்தப் புயலுக்கும் அசையாத மாதிரி நல்லா வெயிட்டா போடறேன், போதுமா?"

சொன்னபடியே போட்டான். நாலு சனிக்கிழமை, ஜெபக்குழுவிலிருந்து மூன்று பேர் துணை. மரச் சட்டம், அதன்மேல் இரண்டடுக்கு பிளைவுட், அதற்கும் மேல் சிமென்ட் ஓடு. கனம் கூடினால் பத்திரமும் கூடும் என்பது அவன் கணக்கு. துணைக்கு வந்தவர்களில் ஒருவனாவது வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் மூவரையும் ஹூஸ்டன் ஏர்போர்ட்டில் இருந்து அழைத்துவந்து, வீட்டில் தங்கவைத்து, லைசென்ஸ் எடுக்கக் கார் கொடுத்தவன் சாந்தகுமார். அண்ணனிடம் போய் யார் கேள்வி கேட்பார்கள்?

கூரை முடிந்ததும் சனிக்கிழமை மாலை பிரதிஷ்டை ஜெபம் என்று முப்பத்தைந்து பேருக்குச் சொல்லியாயிற்று. அந்த வாரம் புதன்கிழமை மழை பிடித்தது.

வியாழன் காலை தோட்டத்துப் பக்கக் கண்ணாடிக் கதவு நகரவில்லை. ஜெயலீலா தோளைக் கொடுத்துத் தள்ளியும் பாதியில் சிக்கிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தாள். புது உத்தரம் வீட்டுச் சுவரோடு சேருகிற இடத்தில் முடி மாதிரி ஒரு கோடு ஓடியது. ஷெரினுடைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ஸ்டூல் போட்டு ஏறி, அந்தக் கோட்டில் செருகிப் பார்த்தாள். போனது. வெள்ளிக்கிழமை அதே இடத்தில் பென்சில் போனது.

சாயங்காலம் சாந்தகுமார் வந்ததும் சொன்னாள். அவன் டையைத் தளர்த்திக்கொண்டே சிரித்தான். "புது மரம்மா, மழைக்குக் கொஞ்சம் செட்டில் ஆகும். நேத்து வரைக்கும் கண்ணாடி விழும்னு அழுத, இன்னைக்குக் கூரை விழும்னு அழறியா? உன்னை வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது?"

கிருபாராணிக்கு ஃபோன் செய்தாள். அவள் ஜெபக்குழுவில் இவளுக்கு நெருங்கிய சிநேகிதி. "அக்கா, அண்ணன் எவ்ளோ பெரிய இன்ஜினியர்! நீங்க சும்மா ஒர்ரி பண்ணிக்காதீங்க. பிரேயர் பண்ணிட்டுத் தூங்குங்க" என்று வைத்துவிட்டாள்.

பயந்தாங்கொள்ளி என்று பெயர் எடுத்தவளுக்கு இதுதான் தண்டனை. உண்மையாகவே ஒன்று பயமுறுத்தும்போது யாரும் நம்ப மாட்டார்கள். சில நேரம் அவளுக்கே சந்தேகம் வந்தது. ஆனால் பென்சில் பொய் சொல்லாதே.

சனிக்கிழமை காலை சாந்தகுமார் தானே அந்த அறையில் பாய்களையும் பெட்ஷீட்களையும் விரித்தான். "பிள்ளைங்க எல்லாரும் தோட்டத்துக் கதவு பக்கம் உக்காரட்டும்" என்றான். கதவைக் கழற்றி வெளியே சாய்த்து வைத்தான். காற்று வரட்டும் என்று செய்கிறான் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்குள் கார்கள் தெருவை அடைத்துவிட்டன. பிரியாணித் தட்டுகள் காராஜில் இறங்கின. வழக்கப்படி எல்லோரும் வரவேற்பறையில், புது அறையின் வாசலில் கட்டிய சிவப்பு ரிப்பனுக்கு இந்தப் பக்கம், நெருக்கியடித்து நின்றார்கள். முதலில் ஒரு பாட்டு, பிறகு வாசலில் ஜெபம், ஆமென் சொன்னதும் ரிப்பனை வெட்டி உள்ளே போய் உட்கார வேண்டியது. பாட்டு நடக்கும்போதே ஜெயலீலா மேலே பார்த்தாள். உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவே இப்போது விரல் போகும். ஓடிப்போய்க் கத்தலாம். கத்தினால் என்ன ஆகும்? சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே உள்ளே போவார்கள்.

குழுவின் மூத்தவர் ஜீவரத்தினம் அங்கிள் தொண்டையைச் செருமினார். "இந்த ரூம் நம்ம லீலாவோட ஆசை. அதனால லீலாவே ஒரு சின்ன ஜெபம் பண்ணட்டும்."

சபையில் இரண்டு வரிக்குமேல் அவள் வாய்விட்டு ஜெபித்ததில்லை. எல்லோரும் தலை குனிந்து கண்களை மூடினார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஜெபம் நடக்கும்போது யாரும் நகர மாட்டார்கள். ஆமென் சொல்லும்வரை இந்த ரிப்பனை யாரும் தாண்ட முடியாது.

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஜெபிக்க ஆரம்பித்தாள்.

வீட்டுக்காக ஸ்தோத்திரம் சொன்னாள். வந்திருந்த ஒவ்வொரு குடும்பத்தையும் பெயர் சொல்லி எடுத்தாள். ஒருவருடைய கிரீன் கார்டு, ஒருத்தியின் நர்ஸ் பரீட்சை, இன்னொருத்தியின் முட்டிவலி, கிருபாராணிக்குப் பிறக்கப்போகிற குழந்தை. பத்து நிமிடம் ஆயிற்று. யாரோ ஒரு குழந்தை சிணுங்கியது. ஷெரின் அவள் புடவையை இழுத்து, "மம்மி, ஆர் வி டன்?" என்றாள். ஜனாதிபதியையும் கவர்னரையும் ஆசீர்வதித்தாள். ஜீவரத்தினம் அங்கிள் ஜெபத்தை முடிக்கச் சொல்லி ஒருமுறை கனைத்தார். அவள் ஊழியக்காரர்களுக்குத் தாவினாள். வாய் உலர்ந்தது. இனி ஜெபிக்க உலகத்தில் ஆளே மிச்சமில்லை.

"இப்ப... இப்ப எல்லாரும் ஒரு நிமிஷம் அமைதியா ஜெபிப்போம்" என்றாள்.

வீடு அடங்கியது. அந்த அமைதியில் கூரையின் சத்தம் கேட்டது. டக். கொஞ்சம் இடைவெளி. டக். அப்புறம் கைவிரல்களை நெட்டி முறிப்பதுபோல வரிசையாக ஐந்தாறு.

முப்பத்தைந்து தலைகளும் குனிந்திருந்தன. ஒருவன் மட்டும் நிமிர்ந்திருந்தான். சாந்தகுமாரின் கண்கள் திறந்திருந்தன. அவை சத்தம் எங்கிருந்து என்று தேடவில்லை. உத்தரமும் சுவரும் சேருகிற அந்த ஒரே இடத்தில் நிலைகுத்தி நின்றன.

"என்னப்பா சத்தம் அது?" என்று ஜீவரத்தினம் அங்கிள் கண்ணைத் திறந்தார்.

"ஒண்ணுமில்ல அங்கிள். வுட் செட்டில் ஆகுது, அவ்ளோதான்" என்றான் சாந்தகுமார். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் சிரித்தான். ரிப்பனைத் தூக்கி, குனிந்து உள்ளே போய், அறையின் நட்டநடுவில் நின்று கைகளை விரித்துக் காட்டினான். "பாருங்க. நல்லாத்தானே இருக்கு? வாங்க எல்லாரும்."

மேலேயிருந்து சிமென்ட் பொடி அவன் தோளில் உதிர்ந்தது.

ஜெயலீலா ஷெரினைக் கிருபாராணியின் கையில் திணித்தாள். தானும் ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள். நடந்து போய் அவனெதிரே நின்றாள்.

"வெளிய வாங்க."

"லீலா, சீன் பண்ணாத."

"நீங்க வரலைன்னா நானும் இங்கயேதான் நிப்பேன். நமக்கு ஒரு பொண்ணு இருக்கு. யோசிச்சுக்கோங்க."

மேலே ஏதோ நீளமாகக் கிழிந்தது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அவள் கையைப் பிடித்தான். இருவரும் ரிப்பனை அறுத்துக்கொண்டு வரவேற்பறைக்குள் ஓடிவந்தார்கள். "எல்லாரும் முன்வாசலுக்குப் போங்க!" என்று ஜீவரத்தினம் அங்கிள் அலறினார். கடைசி ஆள் வாசலைத் தாண்டியபோது பின்பக்கம் இடி இறங்கியதுபோல் கேட்டது. வீடே ஒரு குலுக்குக் குலுங்கியது. ஜன்னல் வழியே புழுதி வெளியே வந்தது.

புல்வெளியில் ஒரே நேரத்தில் எல்லோரும் அழுதார்கள், ஸ்தோத்திரம் சொன்னார்கள். கிருபாராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, என்னை மன்னிச்சிடுங்க" என்று அவள் தோளில் சாய்ந்தாள். அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள். யாரோ சாந்தகுமாரின் முதுகைத் தட்டி, "கர்த்தர் காப்பாத்தினார் பிரதர், இப்படி ஆகும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?" என்று ஆறுதல் சொன்னார்கள்.

கூட்டம் சற்று விலகியதும் அவன் அவள் பக்கத்தில் வந்து படியில் உட்கார்ந்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் காலையில் விரித்த பாய்கள் ஞாபகத்துக்கு வந்தன.

"பிள்ளைங்களை ஏன் கதவுகிட்ட உக்காரச் சொன்னீங்க?"

அவன் தோளில் இருந்த சிமென்ட் பொடியைத் தட்டிவிட்டான்.

"கதவை ஏன் கழட்டி வச்சீங்க?"

"ஏதாவது ஆனா..." என்று ஆரம்பித்தான். "பிள்ளைங்க முதல்ல ஓடிடலாம்ல."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"வியாழக்கிழமை. நீ சொல்றதுக்கு முன்னாடியே நான் அளந்து பாத்துட்டேன்." பிறகு, கெஞ்சுகிறவன்போல, "எல்லாரையும் கூப்பிட்டாச்சே லீலா. நான் போட்ட கூரைன்னு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சே. நான் என்ன பண்ணுவேன்?"

கண்ணாடிக்குப் பயந்தாள், புயலுக்குப் பயந்தாள், கூரைக்குப் பயந்தாள். அவற்றுக்கெல்லாம் இந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் பயந்தாள். ஜெயலீலா தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். எழுந்து புல்வெளியின் மறுகோடிக்குப் போய், ஷெரினைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, அவனுக்கு எட்டாத தூரத்தில் நின்றாள்.