கிளச்சை மிதித்தும் மாறாத ஊளை

நெல் மூட்டை ஏற்றும்போது வழுக்கி விழுந்து மயில்வாகனம் காலை முறித்துக்கொண்ட கிழமைதான் அவருடைய வாடகைக் காரும் ஊளையிடத் தொடங்கியது. எழுபத்தொன்பதாம் ஆண்டு, மாசி மாதம். அவர்கள் இருந்த பக்கத்தில் அவசரத்துக்குக் கிளிநொச்சி போக அந்தக் கார் ஒன்றுதான் இருந்தது. அவர் எழும்பும்வரை தானே ஓட்டுவதென்று மனைவி ஜெகதீஸ்வரி முடிவெடுத்தாள். கலியாணத்துக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் தமையனிடம் பழகி லைசென்ஸ் எடுத்தவள். பத்து வருடமாக அது அலுமாரிக்குள் சும்மா கிடந்தது.

முதல் நாள் குளக்கட்டைத் தாண்டவில்லை, முன்பக்கமிருந்து மெல்லிய ஊளை கிளம்பிவிட்டது. வேகம் கூடக்கூட அதுவும் ஏறியது.

மெக்கானிக் வீரபாகு வந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். "கியர்பொக்ஸ் பழுதாப் போட்டுது. வித்துப்போட்டு வேறை பாருங்கோ."

கட்டிலில் கிடந்த மயில்வாகனம் மனம் விட்டுப்போனார். வவுனியாவில் ஒருவருக்குச் சொல்லி அனுப்பினார். அந்த ஆள் ஞாயிற்றுக்கிழமை கார் பார்க்க வருவதாகப் பதில் வந்தது.

"வித்தா பிறகு எங்களாலை வாங்கேலாது. நான் ஒருக்காப் பாக்கிறன்" என்றாள் ஜெகதீஸ்வரி.

"மெக்கானிக்குக்குத் தெரியாதது உமக்குத் தெரியுமோ?"

"சத்தம் எங்கையோ ஒரு இடத்திலையிருந்துதானே வருது. அந்த இடத்தைப் பிடிக்கிறன்."

வியாழன் காலை காரை முற்றத்தில் நிறுத்தியபடியே என்ஜினை ஓடவிட்டாள். சில்லு உருளவில்லை, ஊளை மட்டும் அப்படியே கேட்டது. கிளச்சை அடிவரை மிதித்தாள். கியர்பொக்ஸ் சத்தமென்றால் இப்போது அடங்க வேண்டும். துளியும் மாறவில்லை. வீரபாகு சொன்னது பிழை!

பக்கத்துக் காணி அழகம்மா வேலியால் எட்டிப் பார்த்தாள். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டை விட்டு வந்தவள். அங்கே தேயிலை ஃபாக்டரியில் எட்டு வருடம் மெஷின்களோடு நின்றவள்.

"அக்கா, இது பேரிங் கத்துற சத்தமுங்க. எங்க ரோலர் மெஷினும் இப்படித்தான் கத்தும். பெல்ட்டைக் கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."

இருவருமாக விசிறியைச் சுற்றும் பான் பெல்ற்றைக் கழற்றினார்கள். ஸ்டார்ட் செய்தபோது என்ஜின் தன் வழமையான உறுமலோடு ஓடியது. ஊளை இல்லை. சூடேறிவிடுமென்று ஒரு நிமிடத்துக்குள் நிறுத்தினாள்.

அந்த பெல்ற் சுற்றுவது இரண்டைத்தான்: டைனமோவையும் தண்ணீர்ப் பம்பையும். டைனமோவைக் கையால் சுற்றினாள், வழுக்கிக்கொண்டு ஓடியது. பம்பின் முனையில் இருந்த விசிறியைப் பிடித்து ஆட்டினாள். அது இடமும் வலமும் ஆடியது. சுற்றியபோது உள்ளே மணல் அரைபடுவதுபோல விரலில் தட்டியது.

"இஞ்சருங்கோ, கியர்பொக்ஸ் இல்லை! தண்ணிப் பம்ப்!" என்று முற்றத்திலிருந்தே கத்தினாள்.

உள்ளேயிருந்து "கழட்டுறதெண்டா முதல்லை ரேடியேற்றர் தண்ணியைத் திறந்து விடும்" என்று மயில்வாகனத்தின் குரல் வந்தது.

பம்பைக் கழற்ற அரை நாள் பிடித்தது. துருப்பிடித்த திருகாணி ஒன்று அசைய மறுத்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, காத்திருந்து, இருவரும் ஸ்பானர் சாவியில் தொங்கித்தான் திருகினார்கள். ஜெகதீஸ்வரியின் முழங்கை தோலுரிந்தது. மறுநாள் பழைய பம்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். கிளிநொச்சியில் மூன்று கார் திருத்தும் கராச்சுகள் ஏறி இறங்கி, நான்காவதில் நொறுங்கிக் கிடந்த ஒரு காரிலிருந்து நல்ல பம்பொன்றை எடுத்துவந்தாள். தண்ணீர் ஒழுகாமல் பம்புக்கும் என்ஜினுக்கும் இடையில் வைக்கும் அட்டையைத் தடித்த பெட்டி மட்டையில் அழகம்மா வெட்டிக் கொடுத்தாள்.

பம்பையும் பெல்ற்றையும் பூட்டி, தண்ணீர் ஊற்றி, சனி மாலை ஸ்டார்ட் செய்தாள். குளக்கட்டுவரை போய்த் திரும்பியும் ஊளை கேட்கவில்லை. தண்ணீர் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. அழகம்மா கையைத் தட்டிச் சிரித்தாள்.

ஞாயிறன்று வவுனியா ஆள் வந்தபோது மயில்வாகனம்தான் முந்திக்கொண்டார். "குறை நினையாதேங்கோ, தம்பி. கார் விக்கிறதில்லை. அவா ஓட்டப்போறா."

வந்தவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே வாசல் படலையடியில் ஒரு ஆள் வந்து கூப்பிட்டார். கர்ப்பிணி ஒருத்திக்கு வலி தொடங்கிவிட்டதாம், உடனே ஆசுப்பத்திரிக்குப் போகவேண்டுமாம். ஜெகதீஸ்வரி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு காரில் ஏறினாள்.